கைலி யாருடைய உடை?

ஆகஸ்ட் 4 – வாசகர் கேள்வி

சுதந்திர தினத்தன்று எங்கள் குடியிருப்பில் எல்லோரும் பாரம்பரிய உடையில் வர வேண்டுமாம். பக்கத்து வீட்டுக்காரர் புதுக் கைலி ஒன்றைக் கட்டிக்கொண்டு வரப்போவதாகச் சொல்கிறார். கைலி எப்படிப் பாரம்பரிய உடை ஆகும்? அது பர்மா, மலேயா பக்கமிருந்து வந்த துணி. ஒரு நாட்டு உடை என்றால் அந்த மண்ணிலேயே நெய்து, அந்த மண்ணிலேயே காலங்காலமாகக் கட்டியதாக இருக்க வேண்டும். நமக்கு வேட்டி. கைலி வீட்டுக்குள்ளே கட்டுவது. நான் சொல்வது சரிதானே?

ஆகஸ்ட் 4, இரவு

வீட்டுக்குள்ளே கட்டுவது என்பது மட்டும் சரி. மற்றதெல்லாம் தலைகீழ்.

கட்டம் போட்ட அந்தப் பருத்தித் துணி அங்கிருந்து இங்கே வரவில்லை, இங்கிருந்துதான் அங்கே போனது. பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613-ல் கெல்டிரியா கோட்டையைக் கட்டி உட்கார்ந்ததே துணிக்காகத்தான். கிராம்பும் ஜாதிக்காயும் விளைகிற தீவுகளில் சோழமண்டலக் கரைத் துணிக்கு இருந்த மவுசு வேறு எதற்கும் இல்லை. இங்கே துணி வாங்கி, அங்கே கொடுத்து, மசாலாவை ஏற்றிக்கொண்டு ஐரோப்பாவுக்குப் போனார்கள். மலாய்க்கார ஆண்கள் தொழுகைக்கும் வீட்டுக்கும் கட்டுகிற கட்டம் போட்ட சாரோங்கை இன்றும் 'காயின் பெலிகாட்' என்கிறார்கள். காயின் என்றால் துணி, பெலிகாட் என்பது புலிகாட், அதாவது நம் பழவேற்காடு. பழவேற்காட்டுத் துணி, அவ்வளவுதான்.

பர்மாவும் அப்படித்தான். மன்னர் காலத்துப் பர்மிய ஆண்கள் கட்டியது பாசோ என்கிற நீளத் துணி. மூட்டிய, அளவான லோன்ஜி அதன் இடத்தைப் பிடித்தது வெள்ளைக்காரன் ஆட்சியில். நம் பக்கமிருந்து கப்பல் கப்பலாக ரங்கூனுக்கு ஆள் போன காலம் அது. இப்போது அங்கே அமைச்சர் முதல் சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டுபவர் வரை அதுதான் உடை. யாரும் "இது வந்த துணி" என்று சொல்வதில்லை.

பக்கத்து வீட்டுக்காரரைத் தடுக்காதீர்கள்.

ஆகஸ்ட் 5

"கைலிக்கு ஏன் இவ்வளவு வக்காலத்து?" என்று இன்னொருவர். சொல்கிறேன். என் ஊர் குறிஞ்சிப்பாடிப் பக்கம், கடலூர் மாவட்டம். வீட்டில் குழித்தறி. அப்பா நெய்தது முழுக்கக் கைலி.

விடியற்காலையில் தெருவின் நீளத்துக்குப் பாவை, அதாவது துணியின் நீளவாட்டு நூலை, இழுத்துக் கட்டிக் கஞ்சி போடுவார்கள். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும், இல்லாவிட்டால் நூல் முறுக்கென்று காய்ந்து தறியில் பட் பட்டென்று அறும். அந்த நேரத்தில் தெரு பாவுக்குச் சொந்தம். சைக்கிளில் வருகிறவர் இறங்கி, ஓரமாகத் தள்ளிக்கொண்டு போவார். எனக்கு, நாடாவுக்குள் வைக்கிற தார்க்குச்சியில் நூல் சுற்றுகிற வேலை. கட்டம் நெய்வதில் தொல்லை என்னவென்றால், ஊடையில், அதாவது குறுக்கு நூலில், நிறம் மாறும் ஒவ்வொரு இடத்திலும் அதை ஓட்டுகிற நாடாவை மாற்ற வேண்டும். மாற்றுவதில் நாலு இழை கூடிப்போனாலும் கட்டம் நீண்டு காட்டிக் கொடுத்துவிடும். நெசவாளர் சொசைட்டியில் கழித்துப் போட்டுவிடுவார்கள். அப்பா எண்ணுவது காதில் கேட்காது. உதடு மட்டும் அசையும்.

இப்படி நாளெல்லாம் கைலி நெய்தவர், என் பள்ளிக்கூடத்துக்கோ வங்கிக்கோ போவதென்றால் அவசர அவசரமாக வேட்டிக்கு மாறுவார். தன் கையால் நெய்ததைக் கட்டிக்கொண்டு தெருமுனையைத் தாண்ட மாட்டார். அவர் கட்டிப் போன வேட்டியோ மில் வேட்டி. ஆக, கேள்வி கேட்டவர் சொன்ன 'இந்த மண்ணிலேயே நெய்தது' என்கிற கணக்குப்படி பார்த்தால் எங்கள் வீட்டில் கைலிதான் பாரம்பரியம். ஆனால் மரியாதை மில் வேட்டிக்கு.

ஆகஸ்ட் 6

"மலாய், பர்மா எல்லாம் அக்கம்பக்கம். பழக்கத்தில் கட்டுகிறார்கள். தேசிய உடை என்று மார்தட்டிக்கொள்கிறார்களா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நல்ல கேள்வி. அப்படியென்றால் கரீபியன் கடலுக்குப் போவோம்.

செயின்ட் லூசியா, டொமினிக்கா, மார்ட்டினிக், குவாடலூப். இந்தத் தீவுகளின் பெண்கள் விழா நாளில் உடுத்துவதைப் படத்தில் பாருங்கள். லேஸ் வைத்த வெள்ளை உள்பாவாடை. அதன் மேல் ஆரஞ்சும் மஞ்சளும் சிவப்பும் பச்சையுமாகக் கட்டம் போட்ட பாவாடை. தோளில் முக்கோணமாக மடித்த துண்டு. தலையில் அதே கட்டத் துணியைச் சுற்றி, முனைகள் கொம்பு மாதிரி நிமிர்ந்து நிற்க ஒரு முடிச்சு. அந்தத் துணிக்கு அங்கே பெயர் 'மெட்ராஸ்'. கடையில் போய் மெட்ராஸ் வேண்டும் என்றால் எடுத்துக் கொடுப்பார்கள். மெட்ராஸ் என்பது ஒரு ஊர் என்றே தெரியாமல் கட்டுகிறவர்கள் நிறைய.

டொமினிக்கா 1978 நவம்பர் 3-ல் விடுதலை பெற்றது, செயின்ட் லூசியா 1979 பிப்ரவரி 22-ல். புது நாடு, புதுக் கொடி, புதுக் கீதம். உடைக்கு மட்டும் புதிதாக ஒன்றும் தேட வேண்டியிருக்கவில்லை, பாட்டி பெட்டியில் இருந்தது. இப்போது அக்டோபர் கடைசியில் தீவின் பேச்சுமொழியையும் பண்பாட்டையும் கொண்டாடுகிற கிரியோல் நாள் வந்தால் பள்ளிப் பிள்ளைகள், அலுவலகக்காரர்கள், மீன் சந்தைப் பெண்கள் என்று ஊரே கட்டத் துணியில் இருக்கும். ஆன்டிகுவாவின் தேசிய உடையும் இந்தத் துணியில்தான். ஜமைக்காவில் இதே குடும்பத்துச் சிவப்பு வெள்ளைக் கட்டத்துக்குப் 'பண்டானா' என்று பெயர். மிஸ் லூ என்று எல்லோரும் அழைத்த லூயிஸ் பென்னட் மேடையில் ஜமைக்காப் பேச்சுமொழியில் கவிதை சொல்லும்போது அதைத்தான் உடுத்துவார். அந்த மொழியையும் அந்தத் துணியையும் ஒருகாலத்தில் சந்தைக்காரி சமாச்சாரம் என்று ஒதுக்கி வைத்தவர்கள்தான் பின்னாளில் இரண்டுக்கும் கை தட்டினார்கள்.

எப்படி அங்கே போனது? 18-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு, ஆங்கிலக் கம்பெனிகள் சோழமண்டலக் கரைக் கைக்குட்டைத் துணியைக் கப்பலில் ஏற்றின. ஒரு பகுதி மேற்கு ஆப்பிரிக்காவில் அடிமை வியாபாரத்துக்கு விலையாகக் கைமாறியது. இன்னொரு பகுதி தீவுகளுக்குப் போனது. தோட்டத்தில் அடிமைகளுக்குக் கொடுத்தது முரட்டுத் துணி. ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் தங்கள் தோட்டத்துக் காய்கறியை விற்று அந்தப் பெண்கள் தாமாகக் காசு கொடுத்து வாங்கியது இந்தக் கட்டத் துணி. முதலாளி கொடுக்காத துணி. அது அவர்கள் உடையானதற்கு எனக்கு இதைவிடப் பெரிய காரணம் தேவைப்படவில்லை.

நம் சாயத்தின் பளபளப்பும் அவர்களுக்குப் போதவில்லை. வெளிறின பட்டைகளின் மேல் தூரிகையால் மஞ்சள் வண்ணம் தீட்டி மினுக்க வைப்பதற்கென்றே மார்ட்டினிக்கில் பெண்கள் இருந்தார்கள். குறிஞ்சிப்பாடியில் இதைச் சொன்னால், நெய்த துணிக்கு மேலேயா பெயின்ட் அடித்தார்கள் என்று அடிக்க வருவார்கள்.

ஆகஸ்ட் 6, கொஞ்ச நேரம் கழித்து

விட்டுப்போனது. அந்தத் தலைக்கட்டின் முனைகளுக்கு ஒரு கணக்கு சொல்வார்கள். ஒரு முனை நின்றால் மனசு காலி. இரண்டு முனை என்றால் ஆள் இருக்கிறது. மூன்று முனை என்றால் கல்யாணம் ஆகிவிட்டது. நான்கு முனை என்றால், எல்லாம் இருந்தாலும் கேட்டுப் பார், இடம் இருக்கிறது. சுற்றுலாக்காரர்களுக்குச் சொல்லிச் சொல்லி மெருகேறிய கதையாகவும் இருக்கலாம், ஆனால் தீவில் யாரும் அதை மறுப்பதில்லை.

இப்படித் தலை கட்டுவதில் ஒரு கசப்பும் உண்டு. இன்றைய அமெரிக்காவின் லூசியானா ஸ்பானியர் கையில் இருந்தபோது, 1786-ல் ஆளுநர் எஸ்தெபான் மீரோ ஓர் உத்தரவு போட்டார். அடிமைத்தனத்திலிருந்து விடுபட்ட கறுப்பினப் பெண்கள் தலையைத் துணியால் கட்டி மறைக்க வேண்டும், நகை, இறகு எதுவும் கூடாது. அவர்களின் சிகை அலங்காரம் வெள்ளைக்காரச் சீமாட்டிகளின் கண்ணை உறுத்தியது. சரி, கட்டுகிறோம் என்றார்கள். நியூ ஆர்லியன்ஸ் தெருவில் அதைவிட அழகான எதுவும் இல்லை என்கிற அளவுக்குக் கட்டிக் காட்டினார்கள். அவமானமாகப் போட்ட துணி நாகரிகமாகிப் போனது. உத்தரவு போட்டவருக்கு இதற்கு என்ன செய்வதென்று தெரிந்திருக்காது.

ஆகஸ்ட் 7

ஒரு திருத்தம், நண்பர் ஒருவர் எழுதியதற்கு. "நம்ம ஊர்த் தோட்டக் கூலிகள் போனபோது கட்டிக்கொண்டு போன துணிதான் அங்கே பரவியது" என்கிறார். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஆண்டுக் கணக்கு ஒத்துவரவில்லை. மார்ட்டினிக்கில் நம் ஆட்கள் முதலில் இறங்கியது 1853-ல், குவாடலூப்பில் 1854-ல். புதுச்சேரி, காரைக்கால், மெட்ராஸ் துறைமுகங்களிலிருந்து போனார்கள். அவர்கள் போய் இறங்குவதற்கு முக்கால் நூற்றாண்டு முன்பே டொமினிக்காவில் இருந்து ஓவியம் தீட்டிய அகொஸ்தீனோ புரூனியாஸ் என்ற இத்தாலியர் வரைந்த சந்தைக் காட்சிகளில் கட்டம் போட்ட தலைக்கட்டுகள் இருக்கின்றன. அவர் 1796-ல் அந்தத் தீவிலேயே இறந்தவர்.

துணி முதலில் போனது. நெய்த ஊரின் ஆட்கள் பிறகு போனார்கள். கூலிக் கப்பலிலிருந்து இறங்கிய காரைக்கால் பெண் ஒருத்தி, கரையில் நிற்கிற கறுப்பினப் பெண்ணின் தலையில் நம்ம ஊர்க் கட்டத்தைப் பார்த்து என்ன நினைத்திருப்பாள்? நேற்று ராத்திரி இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். குவாடலூப்பில் இன்றும் மாரியம்மன் கோயில்கள் இருக்கின்றன, அம்மனை மாலியேமன் என்று கூப்பிடுகிறார்கள். தமிழ் போய்விட்டது, அம்மன் இருக்கிறாள். துணி எல்லோருடையதாகவும் ஆகிவிட்டது.

ஆகஸ்ட் 9

கைலிக்குப் பாக்கெட் வைத்தால் தேசிய உடையாக ஏற்றுக்கொள்கிறேன் என்று ஒருவர். வைத்து விற்கிறார்கள், ஐயா. தேசம்தான் இன்னும் ஏற்கவில்லை.

ஆகஸ்ட் 10

மண்ணடி ஏற்றுமதி அலுவலகம் ஒன்றில் சில காலம் வேலை பார்த்தேன். அங்கேதான் எனக்கு நைஜீரியா தெரிந்தது. 'ரியல் மெட்ராஸ் ஹேண்ட்கர்ச்சீப்' என்று பொன்னெழுத்தில் அச்சடித்த காகிதத்தை ஒவ்வொரு எட்டு கஜத் துண்டின் மேலும் ஒட்ட வேண்டும். கைக்குட்டை என்று பெயரே ஒழிய, அதில் யாரும் மூக்குச் சிந்துவதில்லை. காகிதம் கோணலாக ஒட்டினால் மேலாளர் பிரிக்கச் சொல்வார். பிரித்தால் துணியில் பசைத் தடம் விழும், அதற்கும் திட்டுவார். துணியின் வாசம் மாறக் கூடாது என்பதில் இன்னும் கண்டிப்பு. அங்கே வாங்குகிற அம்மாக்கள் முதலில் முகர்ந்துதான் பார்ப்பார்களாம். சாயமும் கஞ்சியும் கலந்த அந்த வாடை இல்லாவிட்டால் போலி என்று ஒதுக்கிவிடுவார்களாம். எங்கள் வீட்டுத் திண்ணை நாறிய நாற்றம் லாகோஸில் தர முத்திரையாக இருந்திருக்கிறது!

நைஜர் ஆற்றுக் கழிமுகத்தில் கலபாரி என்றொரு மக்கள். நம் கட்டத் துணி இல்லாமல் அவர்களுக்குப் பிறப்பும் இல்லை, இறப்பும் இல்லை. பெரியவர் ஒருவர் போய்விட்டால், குடும்பம் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்து வைத்த துணிகளால் அறையையும் கட்டிலையும் அலங்கரிக்கிறார்கள். எந்த வீட்டில் எத்தனை பழைய துணி என்பதில் குடும்பத்தின் கௌரவம் தெரியும்.

அவர்கள் செய்கிற இன்னொன்று என்னை அசர வைத்தது. நாம் நெய்து அனுப்பிய துணியில் சில இழைகளை மட்டும் பிளேடால் நறுக்கி, ஒவ்வொன்றாக உருவி எடுத்துவிடுகிறார்கள். மிச்சம் நிற்கிற இழைகளில் ஒரு புது வடிவம் வருகிறது, துணி வலை மாதிரி லேசாகிவிடுகிறது. பெலெத்தே பீத்தே என்று அதற்குப் பெயர், வெட்டிய துணி. அப்பா இழையை எண்ணி எண்ணி உள்ளே விட்டார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஓர் அம்மா எண்ணி எண்ணி வெளியே எடுத்தார். அதற்கப்புறம் அது கலபாரித் துணி, மெட்ராஸ் துணி இல்லை. நம்மால் போட்டி போட முடியாது.

நைஜீரியாவின் இக்போ மக்கள் கல்யாணத்துக்குக் கட்டும் 'ஜார்ஜ்' துணியும் இந்த வழி வந்ததுதான். நைஜீரியா தன் மில்களைக் காப்பாற்றுவதற்காக ஜவுளி இறக்குமதிக்குத் தடை போட்ட காலங்களில் இங்கே தறிகள் நின்றன. ஒரு நாட்டின் அடையாளத் துணியை இன்னொரு நாட்டில் நெய்தால் இந்தச் சிக்கல் வரத்தான் செய்யும்.

ஆகஸ்ட் 11

"கட்டமே நம்முடையது இல்லை, ஸ்காட்லாந்துப் படைகளின் டார்ட்டன் என்கிற கட்டத் துணியைப் பார்த்துக் காப்பியடித்தது" என்று எழுதியவருக்கு: மக்லியோட் பிரபுவின் ஹைலாண்டு படை, அதாவது ஸ்காட்லாந்து மலைநாட்டுப் படை, மெட்ராஸில் இறங்கியது 1780-ல். பழவேற்காட்டுக் கட்டத் துணி கப்பலேறி அதற்குள் நூற்றைம்பது ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது. பிற்காலத்தில் சில கட்டங்களை டார்ட்டன் மாதிரியில் நெய்தார்கள் என்பது வேறு.

ஆனால் ஸ்காட்லாந்தை இழுத்ததும் நல்லதுதான். 1746-ல் ஒரு கலகத்தை அடக்கிய கையோடு, ஹைலாண்டு ஆண்கள் கில்ட் என்கிற டார்ட்டன் பாவாடையைக் கட்டக் கூடாது என்று லண்டன் சட்டம் போட்டது. பட்டாளத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் விலக்கு. 1782-ல் தடை நீங்கியது. அதற்குள் பலர் மறந்துவிட்டிருந்தார்கள். அப்புறம் 1822-ல் நான்காம் ஜார்ஜ் எடின்பரோவுக்கு வந்தார். நாவலாசிரியர் வால்டர் ஸ்காட் விழா ஏற்பாட்டைக் கையில் எடுத்து, தலைவர்கள் எல்லோரையும் டார்ட்டனில் வரச் சொன்னார். மன்னரும் கில்ட்டில் வந்தார், உள்ளே தோல்நிறக் காலுறை போட்டுக்கொண்டு. சமவெளி ஸ்காட்லாந்துக்காரர்கள் அதுவரை மலைத் திருடர்களின் உடை என்று இளப்பமாகப் பார்த்ததுதான் அது. இரண்டு வாரக் கொண்டாட்டத்தில் எல்லோருக்கும் தேசிய உடையாகிவிட்டது. யாருடைய தலைமுறையை ஒடுக்கினார்களோ அவர்களின் உடையை, ஒடுக்கிய குடும்பத்து மன்னனே கட்டிக்கொண்டு வந்தால் அதுதான் கடைசி வெற்றி. எனக்கு அந்தக் காட்சி பிடிக்கவில்லை.

துருக்கித் தொப்பியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1829-ல் சுல்தான் இரண்டாம் மஹ்மூத் தலைப்பாகையை எடுத்துவிட்டு ஃபெஸ் தொப்பியை அதிகாரிகளுக்குக் கட்டாயமாக்கினார், அது நவீனம் என்று. நூறாண்டுக்குள் அதுவே மரபாகிப்போனது. 1925-ல் அத்தாதுர்க் அதைத் தடை செய்து ஐரோப்பியத் தொப்பி போடச் சொன்னார், அது நவீனம் என்று. இடையில் 1908-ல் ஆஸ்திரியா போஸ்னியாவை இணைத்துக்கொண்டபோது துருக்கியர்கள் கொதித்தெழுந்து ஆஸ்திரியச் சரக்கைப் புறக்கணித்தார்கள். முதலில் தலையிலிருந்து கழற்றி எறிந்தது ஃபெஸ் தொப்பியை. ஏனென்றால் அது ஆஸ்திரியாவில் செய்தது.

ஆகஸ்ட் 13

வேட்டிக்கு வருகிறேன். கேள்வி கேட்டவர் கோபமாக இருக்கிறார்.

2014 ஜூலையில் சென்னையில் ஒரு கிரிக்கெட் சங்க கிளப்பில் புத்தக வெளியீடு. வேட்டியில் வந்த உயர் நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமனை வாசலில் நிறுத்தினார்கள். சட்டமன்றத்தில் புயல். ஆகஸ்டிலேயே சட்டம் வந்தது: தமிழர் பண்பாட்டைக் காட்டும் வேட்டியையோ வேறு இந்தியப் பாரம்பரிய உடையையோ கட்டி வருபவரைத் தடுத்தால் ஓராண்டுவரை சிறை, 25,000 ரூபாய்வரை அபராதம், உரிமமும் போகும். அந்தச் சட்டத்தை நான் வரவேற்கிறேன். வெள்ளைக்காரன் போய் அறுபத்தேழு ஆண்டு ஆன பிறகு வேட்டிக்காகச் சட்டம் போட வேண்டியிருந்தது வெட்கக்கேடு. ஆனால் அதே கிளப் வாசலில் புதுச் சட்டையும் கஞ்சி மடிப்புக் கலையாத கைலியுமாக ஒருவர் போய் நிற்கட்டும். எந்த நீதிபதியும் வேண்டாம், எங்கள் அப்பா போய் நிற்கட்டும். சட்டப் புத்தகத்தை யார் அவருக்காகத் திறப்பார்கள்?

வேட்டியைக் குறை சொல்லவில்லை. வேட்டி இன்றைய நிலைக்கு வந்ததும் அரசியலால்தான். காந்தி 1921 செப்டம்பர் 22-ல் மதுரை மேலமாசி வீதியில் சட்டையையும் தொப்பியையும் விட்டு முழங்கால் துணிக்கு மாறினார். கதர் வாங்கக் காசில்லை என்று ஏழைகள் சொன்னதற்கு அவர் கண்ட பதில் அது, குறைவாகக் கட்டுங்கள் என்று. அதற்கப்புறம் கதர் வேட்டி ஒரு கட்சி, கரை வேட்டி ஒரு கட்சி, கரையின் நிறத்தைப் பார்த்தே ஆளைச் சொல்லலாம் என்று வந்துவிட்டது. கட்டம் போட்ட கைலிக்குக் கட்சி கிடையாது. அதனால்தான் சட்டமும் கிடையாது என்று சில நாள் தோன்றும்.

கொடியைப் பாருங்கள். தேசியக் கொடி கையால் நூற்று, கையால் நெய்த கதரில்தான் இருக்க வேண்டும் என்று விதி இருந்தது. 2021 டிசம்பர் 30-ல் திருத்தினார்கள். இப்போது இயந்திரத்தில் செய்த பாலியெஸ்டர் கொடியும் செல்லும். நாளை மறுநாள் உங்கள் குடியிருப்பில் பறக்கப்போவது எது என்று தொட்டுப் பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரரின் கைலி அதைவிடக் கதருக்கு நெருக்கமாக இருக்கும்.

ஆகஸ்ட் 15, மாலை

கேள்வி கேட்டவரின் செய்தி: பக்கத்து வீட்டுக்காரர் கைலியில் வந்தாராம், யாரும் ஒன்றும் சொல்லவில்லையாம். கொடி பாலியெஸ்டர். குர்தா போட்டு வந்தவர்கள்தான் அதிகமாம். குர்தா எந்த ஊர்ப் பாரம்பரியம் என்று நான் கேட்கப்போவதில்லை. இந்தக் கேள்வி-பதில் இழை ஏற்கெனவே நீளம்.

ஆகஸ்ட் 19

யாழ்ப்பாணத்து வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். அங்கே கைலி இல்லை, சாரம். "வெள்ளைச் சாரம் கட்டினால் இலங்கையில் மந்திரி, கட்டம் போட்ட சாரம் கட்டினால் வேலைக்காரன்." முழு உண்மை. ஆக்ஸ்போர்டில் படித்து கோட்டு சூட்டில் திரும்பிய பண்டாரநாயக்கா தேசிய உடைக்கு மாறியவர்தான். வெள்ளைத் துணி, வெள்ளை மேல்சட்டை, தோளில் சால்வை. அதில்தான் 1956-ல் பிரதமரானார், அதே ஆண்டு சிங்களம் மட்டும் சட்டத்தையும் கொண்டுவந்தார். தேசிய உடை என்கிறபோது எந்தத் தேசம் என்று கேட்காமல் விட முடியாது என்கிறார் அந்த வாசகர். நான் இதுவரை தேசிய உடை பற்றிக் கொஞ்சம் குதூகலமாகத்தான் எழுதிக்கொண்டிருந்தேன். அவர் கடிதத்துக்கு அப்புறம் பூட்டான் நினைவுக்கு வந்தது.

பூட்டானில் ஆண்கள் உடை கோ, பெண்கள் உடை கிரா. படத்தில் பார்த்தால் அழகோ அழகு. 1989-ல் அரசாணை போட்டு எல்லாப் பூட்டானியருக்கும் கட்டாயமாக்கினார்கள். மலை உச்சிக் குளிருக்காக முழங்காலோடு கனமாகச் சுற்றிக் கட்டுகிற உடை அது. தெற்கே வெக்கையான அடிவாரத்தில் இருந்த நேப்பாளி பேசும் மக்கள் வயலிலும் சந்தையிலும் அதைப் போட வேண்டியதாயிற்று. போடாவிட்டால் அபராதம். கூடவே பள்ளியில் நேப்பாளி மொழியும் போனது, குடியுரிமைக் கணக்கெடுப்பில் பலர் வெளிநாட்டவர் ஆனார்கள். அடுத்த சில ஆண்டுகளில் ஒரு லட்சத்துக்கு மேல் மக்கள் நேப்பாள அகதி முகாம்களுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். உடை மட்டுமே காரணம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் யார் உள்ளே, யார் வெளியே என்று கண்ணால் பிரிக்க உடையைவிட வசதியான கருவி இல்லை.

செயின்ட் லூசியாவில் யாரும் மெட்ராஸ் கட்டாததற்காக அபராதம் கட்டுவதில்லை. நான் அந்த உடைமேல் இவ்வளவு ஆசையாக எழுதியதற்கு அதுவும் காரணம் என்று இப்போது தெரிகிறது.

ஆகஸ்ட் 20

மேலே எழுதியதன் தொடர்ச்சி, பர்மா. 1930-களில் 'நாங்கள் பர்மியர்' இயக்கத்து இளைஞர்கள் சீமைத் துணியை விட்டு, உள்ளூர் முரட்டுப் பருத்திச் சட்டையும் யோ பகுதி லோன்ஜியும் போட்டார்கள். அந்த உடையில் இருந்தாலே போலீஸ் சந்தேகத்தோடு பார்த்த காலம். இந்தியாவிலிருந்து வந்த மூட்டுத் துணி, இந்தியர்களையும் வெள்ளைக்காரனையும் எதிர்க்கிற உடையாக அங்கே நின்றது. நம்மாட்கள் பலருக்கு அந்த இயக்கம் நல்ல நினைவு இல்லை.

2021 மார்ச்சில் ராணுவ ஆட்சியை எதிர்த்த பெண்கள் தங்கள் கைலி போன்ற கீழாடைகளைத் தெருக் குறுக்கே கொடிகட்டித் தொங்கவிட்டார்கள். அதன் அடியில் நடந்தால் ஆணின் வீரியம் போய்விடும் என்று அங்கே ஒரு நம்பிக்கை. துப்பாக்கியோடு வந்த சிப்பாய்கள் வண்டியை நிறுத்தி, துணியை ஒவ்வொன்றாக அவிழ்த்துப் போட்டுவிட்டுத்தான் முன்னேறினார்கள்.

செப்டம்பர் 2

சாயம் போகும் கைலி பற்றி ஒருவர் புலம்பியிருக்கிறார். உப்புத் தண்ணீரில் ஊறவையுங்கள், தனியாகத் துவையுங்கள். இல்லையென்றால் அமெரிக்காவில் விற்றுவிடுங்கள். பின்னாளில் லீலா ஹோட்டல்களைத் தொடங்கிய கிருஷ்ணன் நாயர் 1958-ல் துணி வியாபாரத்தில் இருந்தார். அவர் சொன்ன கதை இது. ஓர் அமெரிக்க வியாபாரி மெட்ராஸ் கட்டத் துணியை வாங்கிப் போனார். குளிர்ந்த நீரில் மெதுவாகத் துவைக்க வேண்டும் என்ற எச்சரிக்கை துணியோடு போய்ச் சேரவில்லை. புரூக்ஸ் பிரதர்ஸ் கடையில் சட்டையாக வாங்கியவர்கள் மெஷினில் போட்டார்கள், சாயம் ஓடியது, வழக்கு வரை பேச்சு போனது. கடைசியில் ஒரு விளம்பரக்காரர், 'சாயம் போவதற்கு உத்தரவாதம்' என்று எழுதினார். ஒவ்வொரு துவைப்பிலும் புதுச் சட்டை என்று பணக்காரக் கல்லூரிப் பிள்ளைகள் வரிசையில் நின்றார்களாம். அமெரிக்கக் கோடைக்கால உடை என்றால் இன்றும் அந்தக் கட்டம்தான்.

எங்கள் சொசைட்டியில் சாயம் போனால் கூலியில் பிடிப்பார்கள்.

செப்டம்பர் 3

மெக்சிகோவையும் கேட்டிருக்கிறீர்கள். ஆமாம், அந்தச் சிவப்புக் கைக்குட்டை. விடுதலைப் போராட்டத் தலைவர் மொரேலோஸ் பழைய ஐம்பது பேசோ நோட்டில் தலையில் கட்டிக்கொண்டிருந்தாரே, அதை அங்கே 'பாலியகாத்தே' என்கிறார்கள். 1994-ல் கிளர்ந்தெழுந்த சாப்பாத்திஸ்தாப் போராளிகள் பலர் முகத்தை மறைத்ததும் அதால்தான். பழவேற்காடு பெயர் மறுபடியும். இந்த ஊருக்கு இப்போது போனால் ஏரியும் இறாலும் டச்சுக் கல்லறைகளும்தான் இருக்கின்றன. தறிச் சத்தத்தைக் காணோம்.

செப்டம்பர் 8

வாசகி ஒருவர் ஒரே வரியில் இழையை உடைத்துவிட்டார்: "வேட்டியா கைலியா என்று ஆண்கள் அடித்துக்கொள்கிறீர்கள், தமிழ்நாட்டின் உண்மையான தேசிய உடை நைட்டி, அதை யாரும் பேசவே இல்லை."

மறுக்க வழியில்லை. பால் வாங்க, தண்ணீர் பிடிக்க, பிள்ளையைப் பள்ளி வேனில் ஏற்ற, மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு பாதித் தெருவே நைட்டியில்தான் நடக்கிறது. சாதி, மதம், வசதி எந்தக் கணக்கும் அதில் தெரியாது. வேட்டிக்கோ சேலைக்கோ இதைச் சொல்ல முடியுமா? கைலி மாதிரியே அதற்கும் வாசலுக்கு வெளியே மரியாதை இல்லை. ஆந்திராவில் மேற்கு கோதாவரி மாவட்டத்துத் தோக்கலப்பள்ளியில் 2018-ல் ஊர்ப் பெரியவர்கள் காலை ஏழு முதல் மாலை ஏழு வரை நைட்டிக்குத் தடை போட்டு, மீறினால் 2,000 ரூபாய் அபராதம், காட்டிக் கொடுத்தால் 1,000 ரூபாய் பரிசு என்று அறிவித்தார்கள். ஆண்கள் கைலியில் திரிவதற்கு எந்த ஊரிலும் மணிக்கணக்கு வைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. பண்பாட்டைக் கட்டிக்காக்கிற வேலையைப் பெண்கள் தலையில் போட்டுவிட்டு நாம் பாக்கெட் வைத்த கைலி பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

அம்மா, இதற்குத் தனி இழை தொடங்குங்கள். முதல் ஆளாக வருகிறேன். இங்கே கைலியோடு நிறுத்திக்கொள்கிறேன், ஏற்கெனவே பலர் சாயம் போவது பற்றி மட்டும்தான் கேட்கிறார்கள்.